துப்பாக்கியின் ஜாதகம்

பழைய துப்பாக்கி எதற்கும் கதை இல்லாமல் இருப்பதில்லை. எங்கள் திற்பரப்பு அருவிக்கு மேலே கோதையாறு இறங்கி வரும் மலையோரத்தில், பன்றிக்கும் யானைக்கும் அஞ்சித் துப்பாக்கி வைத்திருந்த குடும்பங்கள் ஒரு காலத்தில் உண்டு. அத்தகைய வீட்டில் மச்சின்மேல் கிடக்கும் துருப்பிடித்த குழல் ஒன்றைக் கீழே இறக்கினால், அதோடு கூட ஒரு தளவாயோ ஒரு தம்புரானோ இறங்கி வருவது நிச்சயம். "வேலுத்தம்பி தளவாய் காலத்துச் சாமான் இது" என்று வீட்டுப் பெரியவர் தொடங்கினால், கேட்பவர் வாயைத் திறக்க முடியாது.

வேலுத்தம்பியின் பெயரைக் கேட்டால் இந்த நாட்டில் பிறந்தவனுக்கு மயிர்க்கூச்செறிவது இயற்கை. தலக்குளத்தில் பிறந்து, திருவிதாங்கூரின் தளவாயாகி, 1809இல் கும்பினியாரை எதிர்த்துக் குண்டறையில் அறைகூவி, மண்ணடியில் உயிர் நீத்த மனிதர் அவர். அவர் காலத்துத் துப்பாக்கி என்று ஒன்றைக் காட்டினால் கையெடுத்துக் கும்பிடத்தான் மனம் ஓடுகிறது. ஆயினும் கும்பிடுமுன் ஒரு கேள்வி கேட்டுவிடுவது நல்லது. இதற்கு என்ன ருசு?

பள்ளிக்கூடத்தில் பேரனைச் சேர்க்க வரும் பாட்டிமார் சிலர், "பெரிய வெள்ளம் வந்ததற்கு அடுத்த ஆடியில் பிறந்தான்" என்று சொல்வதுண்டு. பாட்டி பொய் சொல்லவில்லை. ஆனால் பதிவேட்டில் எழுத அது போதாது. பிறப்புச் சான்று ஒன்று வேண்டியிருக்கிறது. துப்பாக்கிக்கும் அப்படியே. பையனுக்கு முனிசிபாலிட்டியும் பஞ்சாயத்தும் வைத்திருக்கும் பிறப்புப் பதிவைப் போல, துப்பாக்கிக்கு அதைச் செய்த தொழிற்சாலை ஒரு பதிவு வைத்திருக்கிறது. அதை அதன் ஜாதகம் என்று சொன்னால் மிகையாகாது. ஜாதகத்தில் பிறந்த நாள், பிறந்த இடம், அங்க அடையாளம் எல்லாம் இருக்கும். பிற்காலத்தில் அது யார் கையில் இருந்து என்ன செய்தது என்பது மட்டும் இராது.

இந்த வித்தை நன்றாகத் தேர்ந்திருப்பது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும். அங்கே பழைய துப்பாக்கிகளைச் சேகரிப்பது பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கு. பெரும் பணம் புழங்கும் வியாபாரமும் கூட. ஒரு சாதாரண ரிவால்வரை, இன்ன வீரன் இன்ன சண்டையில் பிடித்தது என்று நிரூபித்துவிட்டால் அதன் விலை எத்தனையோ மடங்கு ஏறிவிடும். அப்படி ஏறும் இடத்தில் புரட்டும் ஏறுமல்லவா? ஆகவே வாங்குகிறவன் முதலில் தொழிற்சாலைக்கு எழுதிக் கேட்கிறான். கனெக்டிகட் மாகாணத்து ஹார்ட்போர்டு நகரில் ஸாமுவேல் கோல்ட் நிறுவிய கம்பெனி, அனுப்பிய சரக்குக்கெல்லாம் நாள்வழியும் பேரேடும் வைத்திருந்தது. இன்றும் அக்கம்பெனியின் ஆவணக் காப்பகத்துக்குத் துப்பாக்கியின் வரிசை எண்ணை எழுதிக் கட்டணமும் கட்டினால், பழைய ஏட்டைப் புரட்டி ஒரு கடிதம் எழுதி அனுப்புகிறார்கள். என்ன மாதிரி, என்ன அளவுத் தோட்டா, குழல் எத்தனை அங்குலம், மேலே நீல மெருகா நிக்கல் முலாமா, பிடி எதனால் ஆனது, எந்தத் தேதியில் எந்த வியாபாரிக்குப் போயிற்று, அதே பார்சலில் எத்தனை துப்பாக்கிகள் கூடப் போயின என்ற விவரங்கள் அதில் இருக்கும். வின்செஸ்டர் துப்பாக்கிகளின் பழைய ஏடுகள் வயோமிங் மாகாணத்தில் கோடி என்னும் ஊரில் உள்ள பொருட்காட்சிசாலையில் இருக்கின்றன. இங்கிலாந்தில் 1812இல் தொடங்கிய வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், 1814இல் தொடங்கிய பர்டி முதலிய கம்பெனிகளின் ஏடுகள் இன்னும் சுவையானவை. அவர்கள் தையற்காரன் சட்டை தைப்பதைப் போல ஆளுக்கு அளவெடுத்துத் துப்பாக்கி செய்தவர்கள். ஆதலால் அவர்கள் ஏட்டில் வாங்கினவர் பெயரே இருக்கும். நம் மகாராஜாக்கள் பலர் அங்கே வாடிக்கைக்காரர்கள். லட்சக்கணக்கில் செய்து தள்ளிய கோல்ட் போன்ற தொழிற்சாலையின் ஏட்டிலோ, மொத்த வியாபாரியின் பெயர் இருந்தால் அதுவே பெரிது.

கடிதம் வந்துவிட்டதால் காரியம் முடிந்துவிட்டதென்று எண்ணக் கூடாது. கடிதம் சாட்சி சொல்வது எண்ணுக்கே தவிர, நம் கையில் உள்ள இரும்புக்கு அல்ல. பழைய எண்ணை அராவிவிட்டுப் புகழ்பெற்ற எண் ஒன்றைப் பொறித்தவர்கள் உண்டு. ஏட்டில் நீல மெருகு என்று இருக்க, கையில் உள்ளது நிக்கல் பளபளப்போடு மின்னினால், இடையில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். ஏட்டில் நீளமாக இருந்த குழல் இப்போது குட்டையாக இருந்தாலும் அப்படியே. ஏடே இல்லாமல் போவதும் உண்டு. 1864 பிப்ரவரியில் கோல்ட் தொழிற்சாலையில் பற்றிய நெருப்பு பழைய கணக்குகளில் ஒரு பகுதியைச் சாம்பலாக்கிவிட்டது.

துப்பாக்கியின் மேலே வெட்டியிருக்கும் எழுத்தே ஆளை ஏமாற்றிவிடக் கூடும். கோல்ட் கம்பெனியின் ஒருவகைப் பாக்கெட் பிஸ்டலின் மேற்பாகத்தில் 1897, 1903 என்ற இரண்டு ஆண்டுகள் பொறித்திருக்கும். அவற்றைப் பார்த்துவிட்டு, "இது 1903இல் செய்தது" என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். அவை அந்த இயந்திர அமைப்புக்குப் பேட்டண்டு உரிமை கிடைத்த ஆண்டுகள். அந்த மாதிரி 1903இலிருந்து 1945 வரையில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. எல்லாவற்றிலும் அதே எழுத்துத்தான். எந்த ஆண்டில் செய்ததென்று சொல்ல வல்லது வரிசை எண் ஒன்றே. அதிலும் ஒரு சூது உண்டு. .32 அளவுப் பிஸ்டலுக்கு ஒரு வரிசை, .380 அளவுக்கு வேறொரு வரிசை. இரண்டும் ஒன்றிலிருந்தே தொடங்குகின்றன. ஒரே இலக்கம் தாங்கிய இரண்டு பிஸ்டல்கள் உலகில் இருக்கலாம் என்பதால், அளவைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது, தகப்பனார் பெயரைச் சொல்லாமல் முருகன் என்று மட்டும் சொல்லி ஆளைத் தேடுவது போலாகும்.

இனி நம் நாட்டு விஷயத்துக்கு வருவோம்.

லாலா லஜபதி ராயின் மரணத்துக்குப் பழி வாங்க, 1928 டிசம்பர் 17இல் லாகூரில் ஸாண்டர்ஸ் என்ற போலீஸ் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டான். அதற்காக 1931 மார்ச்சு 23இல் பகத்சிங்கும் ராஜகுருவும் சுகதேவும் தூக்கு மேடை ஏறினார்கள். இவ்வளவும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் பகத்சிங் சுட்ட பிஸ்டல் எங்கே என்ற கேள்விக்கு வெகு காலம் விடை இல்லை. 2016இல் பஞ்சாபின் திரிபியூன் பத்திரிகையைச் சேர்ந்த நிருபர் ஒருவர் அதைத் தேடப் புறப்பட்டார். அவர் கதைகளை நம்பிப் போகவில்லை. முதலில் லாகூர் சதி வழக்கின் பத்திரங்களைப் பிடித்தார். அதில் அமெரிக்காவில் செய்த .32 கோல்ட் ஆட்டோமாட்டிக் பிஸ்டல், எண் 168896 என்று கண்டிருந்தது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு விசாரித்ததில், லாகூரிலிருந்து பஞ்சாப் போலீஸின் பில்லௌர்ப் பயிற்சிப் பள்ளிக்கு அது வந்ததும், அங்கிருந்து 1969இல் வேறு சில ஆயுதங்களோடு இந்தூரிலுள்ள எல்லைக் காவற்படையின் ஆயுதப் பள்ளிக்கு அனுப்பப்பட்டதும் வெளியாயின. இந்தூரில் அது மற்றப் பழைய பிஸ்டல்களோடு பிஸ்டலாக, துருப்பிடிக்காமலிருக்கக் கறுப்பு வர்ணம் பூசப்பட்டுக் கிடந்தது. வர்ணத்தைச் சுரண்டிப் பார்த்தார்கள். 168896!

சுமார் அரை நூற்றாண்டு அங்கே எத்தனையோ சிப்பாய்கள் அதைத் தாண்டிப் போயிருப்பார்கள். பகத்சிங்கின் படத்துக்கு மாலை போட்டவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். ஆறு இலக்கங்களைப் படித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. இப்போது அந்தப் பிஸ்டல் அம்மூவரின் உடல்கள் எரியூட்டப்பட்ட ஸட்லஜ் நதிக்கரையில், ஹுஸைனிவாலாவில் உள்ள கண்காட்சிசாலையில் இருக்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஹார்ட்போர்டுப் பேரேட்டை எத்தனை முறை புரட்டினாலும் பகத்சிங்கின் பெயர் அதில் வராது. 168896 என்ன மாதிரி, எந்தத் தேதியில் எந்த வியாபாரிக்குப் போயிற்று என்பதோடு அது நின்றுவிடும். செயலைச் சொன்னது நீதிமன்றத்து ஏடு. கைமாறிய வழியைச் சொன்னவை போலீஸ் இலாகாவின் அனுப்புச் சீட்டுகள். மூன்று ஏட்டையும் ஒன்றாகத் தைக்கும் நூல்தான் அந்த எண். எண் மட்டும் இல்லாமற் போயிருந்தால், "இதுதான் பகத்சிங் பிஸ்டல்" என்று ஊருக்கொன்றாகப் பத்துப் பிஸ்டல்கள் முளைத்திருக்கும்.

ஐரோப்பாவில் மெத்தப் படித்த சரித்திராசிரியர்கள்கூட இந்த விஷயத்தில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். 1914 ஜூன் 28இல் ஸரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டு முதல் மகாயுத்தத்துக்குத் தீ மூட்டியவன் காவ்ரிலோ பிரின்ஸிப். அவன் கையிலிருந்தது பெல்ஜியத்து எப்.என். தொழிற்சாலையின் 1900 மாதிரிப் பிஸ்டல் என்று புத்தகத்துக்குப் புத்தகம் எழுதி வந்தார்கள். 2004இல் ஆஸ்திரியாவின் யேசு சபையாரிடமிருந்து அந்தப் பிஸ்டல் வியன்னாவின் ராணுவப் பொருட்காட்சிசாலைக்கு வந்து சேர்ந்தது. எண் 19074, மாதிரி 1900 அல்ல, 1910. புத்தகங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதைத் தவிர, எண்ணை யாரும் பார்க்கவில்லை.

நம் தென்னாட்டில் இவ்வளவு புகழ் பெற்ற பிஸ்டல் ஒன்றுண்டானால் அது வாஞ்சியினுடையது. 1911 ஜூன் 17இல் மணியாச்சி ஜங்ஷனில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்டுவிட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டு மடிந்த வாஞ்சிநாதன், அப்போது திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த செங்கோட்டைக்காரர்; புனலூரில் காட்டிலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். அந்த வகையில் பழைய திருவிதாங்கூர்ப் பிரஜைகளான எங்களுக்கு அவரிடம் ஒரு தாயாதி உரிமை உண்டு. செங்கோட்டையும் எங்கள் கல்குளம் தாலூகாவும் ஒரே நாளில், 1956 நவம்பர் 1இல்தான், தமிழ் ராஜ்யத்தில் சேர்ந்தன. அவர் கையிலிருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல்.

பிரௌனிங் என்றதும் எல்லாம் தெரிந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். பிரௌனிங் என்பது தொழிற்சாலையின் பெயரல்ல. அமெரிக்காவில் யூட்டா மாகாணத்து ஆக்டன் நகரில் பிறந்த ஒரு மேதாவியின் பெயர். ஜான் மோஸஸ் பிரௌனிங் தாம் கண்டுபிடித்த பிஸ்டல்களைச் செய்யும் உரிமையை ஐரோப்பாவில் பெல்ஜியக் கம்பெனிக்கும் அமெரிக்காவில் கோல்ட் கம்பெனிக்கும் கொடுத்திருந்தார். லாகூரில் பகத்சிங் பிடித்த கோல்ட் பிஸ்டலும் அவருடைய மூளையில் உதித்ததே. மணியாச்சியில் வெடித்ததும் லாகூரில் வெடித்ததும் ஒரே தச்சனின் இரண்டு பிள்ளைகள் என்பதை நினைத்தால் வியப்பாயிருக்கிறது. அந்த மனிதருக்கு இந்த இரண்டு ஊரும் எந்தத் திசையில் இருக்கின்றன என்பதுகூடத் தெரிந்திருக்குமோ என்னவோ!

ஆகையால் நாளைக்கு ஒருவர் வந்து, "இது வாஞ்சியின் பிஸ்டல்" என்று காட்டினால், முதலில் அதன் மேல் லியேஜ் நகரத்துச் சோதனை முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்தபடி, அந்த மாதிரி 1911க்கு முன் உண்டாயிற்றா, அந்த எண் அவ்வாண்டுக்கு முன் தொழிற்சாலையை விட்டு வெளியேறியதா என்று கேட்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் கதை அங்கேயே முடிந்தது. எல்லாம் சரியாக இருந்தாலும், "இருக்கலாம்" என்ற அளவுக்கே வந்திருக்கிறோம். வழக்குப் பத்திரத்தோடு எண் ஒத்துப் போகிறவரையில், "ஆம்" என்று சொல்லக் கூடாது.

வேலுத்தம்பி காலத்துக்கு இந்த முறை அப்படியே செல்லாது. அக்காலத்துப் பட்டாளத் துப்பாக்கிகளுக்குத் தொழிற்சாலை வரிசை எண்ணும் கடிதமும் கிடையா. ஆனால் முத்திரை உண்டு. கிழக்கிந்தியக் கும்பினியின் துப்பாக்கியில், பூட்டுத் தகட்டின்மேல், முதலில் இருதய வடிவத்துக்குள் கும்பினியின் எழுத்துக்கள் இருந்தன. 1808 முதல் பின்னங்கால்களில் எழுந்து நிற்கும் சிங்கம் வந்தது. பூட்டையும் பார்க்க வேண்டும். 1809இல் நம்மவர்களும் கும்பினியாரும் பிடித்தவை சக்கிமுக்கிக் கல்லால் மருந்து பற்றும் துப்பாக்கிகள். செப்புக் கேப்பு வைத்து அடிக்கும் பூட்டு அதற்குப் பின் வந்தது. ஆங்கிலப் பட்டாளத்துக்கே அது 1840ஐ ஒட்டித்தான் கிடைத்தது. மச்சிலிருந்து இறங்கிய துப்பாக்கியில் கேப்புப் பூட்டு இருந்தால், அது பிற்காலத்தது. அல்லது பழைய குழலுக்குப் பிற்காலத்தில் புதுப் பூட்டுப் போட்டது. இரண்டாவது வகையும் ஏராளம் என்பதால், பெரியவரைப் பொய்யர் என்று சொல்லிவிட அவசரப்பட வேண்டியதில்லை.

அத்தகைய சாமான் வீட்டில் கிடைத்தால் செய்யக் கூடாதது ஒன்றுண்டு. உப்புக் காகிதம் கொண்டு தேய்த்துப் பளபளப்பாக்கிவிடக் கூடாது. துருவோடு முத்திரையும் எண்ணும் போய்விடும். அது நஷ்டம் மட்டுமல்ல, ஆபத்தும் கூட. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின் 8ஆவது பிரிவு, துப்பாக்கியின் மேலுள்ள பெயரையோ எண்ணையோ அடையாளத்தையோ அழிப்பதையும் மாற்றுவதையும் குற்றமாக்கியிருக்கிறது. பழுது பார்த்தாலும் சுட உதவாத பழங்காலச் சாமானுக்கு 45ஆவது பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் அது உதவுமா உதவாதா என்பதை வீட்டுக்காரர் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளாமல் அதிகாரிகளிடம் காட்டிக் கேட்டுக்கொள்வதே யுக்தம்.

ஓர் எண்ணின்மேல் சர்க்காருக்கு ஏன் இத்தனை கண் என்பதற்குக் கல்கத்தாவில் நடந்த ஒரு காரியம் விடை சொல்லும்.

லிட்டன் பிரபுவின் 1878ஆம் வருஷத்துச் சட்டத்தால் இந்தியர்கள் லைசென்ஸ் இல்லாமல் ஆயுதம் வைத்துக்கொள்ள முடியாதவர்களாகியிருந்தார்கள். புரட்சிக்காரர்களுக்கு ஒரு நல்ல பிஸ்டல் கிடைப்பதே குதிரைக் கொம்பு. கல்கத்தாவில் ராடா கம்பெனி என்ற வெள்ளைக்காரத் துப்பாக்கிக் கடை ஒன்று இருந்தது. 1914 ஆகஸ்டு 26இல் அக்கடையின் சிப்பந்தி, கப்பலில் வந்த 202 பெட்டிகளைச் சுங்க ஆபீஸிலிருந்து எடுத்தான். 192 பெட்டிகளைக் கிடங்கில் சேர்த்தான். மீதியைக் கொண்டுவருகிறேன் என்று போனவன் திரும்பவே இல்லை. மூன்று நாள் கழித்துத்தான் கம்பெனி போலீஸுக்கு எழுதிற்று. போன 10 பெட்டிகளில் 50 மௌஸர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் இருந்தன. ஜெர்மனியில் செய்த அந்தப் பிஸ்டலை, அது வைக்கப்பட்டிருக்கும் மரப்பெட்டியையே பிடியில் மாட்டி, ரைபிளைப் போல் தோளில் வைத்துச் சுடலாம். மறு வருஷம் செப்டம்பரில் பாலசோருக்கு அருகே பாகா ஜதீனும் தோழர்களும் போலீஸ் படையை எதிர்த்து நின்றபோது அவர்கள் கையிலிருந்தவை மௌஸர்களே.

இதைப் பற்றி ரௌலட் கமிட்டியின் 1918ஆம் வருஷத்து அறிக்கை ஒரு விவரம் தருகிறது. (சென்னை ஹைக்கோர்ட்டு நீதிபதி குமாரசாமி சாஸ்திரியாரும் அக்கமிட்டியில் ஓர் அங்கத்தினர் என்பது நமக்கு அவ்வளவு பெருமை தரும் செய்தியல்ல.) ஒவ்வொரு பிஸ்டலின் மேலும் செய்தவர் பொறித்த எண் இருந்தது, அந்த எண்களின் பட்டியல் ராடா கம்பெனியிடம் இருந்தது. ஆகவே எங்கே ஒரு மௌஸர் பிடிபட்டாலும், அது அந்த ஐம்பதில் ஒன்றா இல்லையா என்று போலீஸார் உடனே கண்டுகொண்டார்கள். 44 பிஸ்டல்கள் ஒன்பது குழுக்களுக்குப் பங்கிடப்பட்டன என்றும், 54 சம்பவங்களில் அவை உபயோகமாயின என்றும் அறிக்கை கணக்குச் சொல்கிறது. நம் தேசபக்தர்களைத் தூக்குக்கும் தீவாந்தரத்துக்கும் அனுப்பப் பயன்பட்ட கணக்கு அது.

காலத்தின் விளையாட்டைப் பாருங்கள். மௌஸர் தொழிற்சாலை ஜெர்மனியில் ஓபர்ன்டார்ப் என்ற ஊரில் இருந்தது. 1945இல் அதைப் பிடித்த பிரெஞ்சு ராணுவத்தார் யந்திரங்களைக் கழற்றி, ஏடுகளையும் அழித்துவிட்டார்கள். பிறந்த வீட்டு ஜாதகம் போயிற்று. இன்று ஒருவர் கல்கத்தா மௌஸர் என்று ஒன்றைக் கொண்டுவந்தால், ஓபர்ன்டார்ப்புக்கு எழுதிப் பயனில்லை. சத்துருவாக நின்று நம்மவரைத் துரத்திய போலீஸாரின் பழைய கட்டுக்களில்தான் அந்த எண்ணைத் தேட வேண்டும். வீரர்களைக் காட்டிக்கொடுத்த அதே இலக்கமே, அவர்கள் தொட்ட பொருளை அடையாளம் காட்ட வேண்டியதாகிறது.

ரௌலட் அறிக்கை எழுதி முடித்தபோது ஐம்பதில் 31 திரும்பக் கிடைத்திருந்தன. மீதி 19. பிற்காலத்தில் பிடிபட்டவை போக, அவற்றில் ஒன்றோ இரண்டோ வங்காளத்தில் ஏதாவதொரு குளத்துச் சேற்றிலோ பழைய வீட்டுப் பரணிலோ, எண் அழியாமல், இன்னும் கிடக்கக் கூடும்.